பின்பக்கத்து விலாசம்

சுவிசேஷக் கைப்பிரதியின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு இந்த முறை வந்தது ஒரு போலீஸ்காரர். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வீடு. சாராள் டீச்சர் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

“இங்க சுந்தர்சிங் யாருங்க?”

“எங்க அப்பா.”

“கொஞ்சம் வரச் சொல்லுங்க.”

“அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சு சார்.”

போலீஸ்காரர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை அளவுக்கு மடித்த, கறுப்பு வெள்ளைப் படக்கதை. ஜெராக்ஸ் எடுத்து எடுத்து கோடுகள் தடித்துப் போயிருந்தன. தூரத்திலிருந்தே சாராளுக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது. ‘மூடின கதவு.’

“கீழ்க்கட்டளையில கோவில் வாசல்ல எவனோ இதைக் குடுத்திருக்கான். கம்ப்ளைன்ட் ஆயிருக்கு. இன்ஸ்பெக்டர் உங்களை வரச் சொன்னார்.”

சாராள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. பயம்கூட இல்லை. விலாசத்தைத் தேடி ஆள் வருவது இந்த வீட்டுக்குப் பழகிப்போன விஷயம்.

சுந்தர்சிங் ரயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவர். பகலில் பாலத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் வரைபடம் போடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே பேனாக்களால் நரகத்தை வரைவார். பதினாறு பக்கத்தில் ஒரு கதை. முடிவில் ஒன்று சிலுவை, இல்லாவிட்டால் நெருப்பு. தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் மின்சார ரயிலில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக் கொடுப்பார். சினிமாவுக்குப் போகிறவன், குடிக்கிறவன், சாமி கும்பிடுகிறவன், ஜெபமாலை உருட்டுகிறவன், யாரும் அவர் பேனாவுக்குத் தப்பியதில்லை. குரோம்பேட்டை ஸ்டேஷனில் ஒருமுறை அவரை அடித்து மூக்குக்கண்ணாடியை உடைத்தார்கள். கத்தோலிக்கர்கள் ஊர்வலமாகவே வந்தார்கள். அவருடைய சொந்தச் சபையிலேயே, ‘ஆலய வளாகத்துக்குள் கொடுக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயம் ஜெயிலில் இருந்தவன், தற்கொலைக்குப் போய்த் திரும்பினவள், யார் யாரோ அந்த விலாசத்தைத் தேடி வந்து அவர் காலில் விழுந்து அழுதார்கள். திட்ட வந்தவர்களுக்கும் அழ வந்தவர்களுக்கும் டீ போட்டது சாராள்தான். அவர் போன பிறகும் போட்டுக்கொண்டிருந்தாள்.

போகிற வழியில் சபையில் வாலிபர் கூட்டம் நடத்தும் ஷெர்வினுக்குப் போன் செய்தாள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வேண்டாமே என்றுதான். அவன் பைக்கில் அவளுக்கு முன்பே வந்து நின்றான்.

இன்ஸ்பெக்டர் மேஜைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை. பெயர் ஜெயகிருஷ்ணன். சுவரோரம் பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டிருந்தார். சாராளின் பெயரைக் கேட்டதும் அவர் எழுந்து கும்பிட்டார்.

“ஐயா பொண்ணா நீங்கோ? ஸ்தோத்திரம்க்கா. எம் பேரு தனக்கோடி. ஐயாவப் பாக்கணும்னு எவ்ளோ நாளா நெனச்சிகினு இருந்தேன்.”

“உக்காருய்யா,” என்றார் இன்ஸ்பெக்டர். “மேடம், இந்த ஆள் உங்க ஆளா?”

“இப்பதான் பார்க்கறேன் சார்.”

“அச்சடிச்சது நீங்களா?”

“இல்லை. அப்பா போனப்புறம் நாங்க எதுவும் அடிக்கலை. பழைய பிரதியை எடுத்து ஜெராக்ஸ் போட்டிருக்காங்க.”

“நான்தான் சார் போட்டேன்,” என்றார் தனக்கோடி பெருமையாக. “சவாரில வர்ற துட்டுலதான்.”

ஜெயகிருஷ்ணன் சாராளைப் பார்த்துத் திரும்பினார். கோபத்தை அடக்கி அடக்கி அவர் குரல் கட்டிப்போயிருந்தது.

“மேடம், நான் இதை மதப் பிரச்சனை ஆக்க வரலை. எங்க காலனி குரூப்ல ஆளாளுக்கு ஏதேதோ சொல்றாங்க, அதெல்லாம் எனக்கு வேண்டாம். என் பொண்ணு ஸ்ம்ருதிக்கு ஏழு வயசு. போன மாசம்தான் எங்கம்மா தவறிட்டாங்க. அம்மாகூடத்தான் அவ தினமும் அந்தக் கோவிலுக்குப் போவா. இவர் குழந்தை கையில இதைக் குடுத்திருக்கார். கடைசிப் படத்துல நெருப்புக்குள்ள ஒரு வயசான அம்மாவைப் பார்த்துட்டு, பாட்டி எரிஞ்சிட்டிருக்காளான்னு கேக்கறா. தூங்க மாட்டேங்கறா மேடம். லைட்டை அணைச்சா அலறறா.”



இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “மேடம், இந்த ஆளுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு நீங்க போகலாம். இவர்மேல கேஸ் போட்டுடறேன். இல்லை, சார் ஒத்துக்கிட்டா எச்சரிச்சு விட்டுடலாம். அது அவர் இஷ்டம்.”

தனக்கோடி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சம்பந்தமில்லை என்று எழுதுவது ஒரு நிமிட வேலை. உண்மையும்கூட. சாராள் பேனாவை வாங்கிவிட்டு, எழுதாமல் வைத்திருந்தாள்.

“சார்,” என்றாள் ஜெயகிருஷ்ணனிடம், “உங்க பொண்ணை நான் பார்க்கலாமா?”

“எதுக்கு? இன்னொண்ணு குடுக்கவா?”

“இல்லை. அந்தப் படத்துல இருக்கறது யார்னு எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லிட்டு வந்துடறேன். நான் டீச்சர்தான் சார். சின்னப் பிள்ளைங்ககிட்ட என்ன பேசக்கூடாதுன்னு தெரியும்.”

அவர் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, “நாளைக்கு சாயங்காலம் வாங்க. தனியா வாங்க. நானும் கூடவே உக்காந்திருப்பேன்,” என்றார். அதுவரைக்கும் முடிவு எதுவும் வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரும் தனக்கோடியின் ஆட்டோ சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

வெளியே வந்ததும் ஷெர்வின் படபடத்தான். “ஆன்ட்டி, நீங்க ஏன் இறங்கிப் போறீங்க? இது நமக்கு வர்ற உபத்திரவம். தாத்தாவோட ஊழியத்தைப் பார்த்துப் பிசாசு எவ்வளவு பயப்படறான் பாருங்க. இத்தனை வருஷத்துக்கப்புறமும் அந்தப் படத்துக்கு அவ்ளோ பவர். ஒரிஜினல் எல்லாம் குடுங்க, கலர் பண்ணி வீடியோவா போட்டுடலாம்.”

“அந்தப் பொண்ணுக்கு ஏழு வயசு ஷெர்வின்.”

“அதான் ஆன்ட்டி, சின்ன வயசுலயே—”

“நான் பஸ்ல போய்க்கறேன். நீ போ.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேடவாக்கம் வரைக்கும் வண்டி ஊர்ந்துதான் போனது. அவளுக்கும் ஏழு வயது இருந்த காலம் ஒன்று உண்டு. அப்பா பென்சிலில் வரைந்து முடித்ததும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார். மடியில் உட்காரவைத்துப் படத்தைக் காட்டுவார்.

“பயமா இருக்காம்மா?”

அவள் உதடு பிதுங்கினால் அவருக்குத் திருப்தி. தலையைத் தடவிக்கொடுத்து, “நல்லா வந்திருக்கு,” என்று சொல்லிவிட்டு மை போட உட்காருவார். பயமில்லை என்று சொன்னால் அழித்துவிட்டு மறுபடி வரைவார். அதனால் சீக்கிரமே பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கற்றுக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது உண்மையாகவே ஆகிவிட்டது. கல்யாணமாகி, மகள் பிளஸ்ஸி பிறந்து, கணவர் மாரடைப்பில் போய், இந்த வீட்டுக்கே திரும்பி வந்த பிறகும், தூக்கத்தில் அந்த நெருப்பு வரும். பிளஸ்ஸிக்கு விவரம் தெரிகிற வரைக்கும் அப்பாவின் அறைக்குள் குழந்தையை விடவே இல்லை. அதற்காக அப்பா ஒரு வருஷம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கீழ்க்கட்டளைக்குப் போனாள். அடுக்குமாடியில் முதல் மாடி. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம், அடியில் ‘ஞானாம்பாள்’ என்று பெயர். ஜெயகிருஷ்ணன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உட்காருங்கள் என்று சொன்னதோடு சரி. அவர் மனைவி சமையலறை வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஸ்ம்ருதி அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சாராள் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

“அந்தப் படத்துல ஒரு பாட்டி இருந்தாங்க இல்ல? அது உன் பாட்டின்னு நெனச்சியா?”

குழந்தை தலையாட்டியது.

“அது உன் பாட்டி இல்லை கண்ணு. என் ஆயா. எங்க அப்பாவோட அம்மா. செங்கல்பட்டு பக்கத்துல ஆத்தூர்னு ஒரு ஊர். அங்க இருந்தாங்க.”

ஜெயகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க ஆயா நெருப்புல இருக்காங்களா?” என்றது குழந்தை.

“இல்லை.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சாராள் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் தயார் செய்த வாக்கியத்தை விட்டுவிட்டாள். ஐம்பத்தாறு வயதில், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள், இதை யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை.

“எனக்குத் தெரியாதும்மா. ஆனா இதை வரைஞ்சாரே எங்க அப்பா, அவருக்கும் தெரியாது. யாரும் அங்க போய்ப் பார்த்துட்டு வந்து வரையலை. அவருக்கு ரொம்பப் பயம். பயந்து பயந்து வரைஞ்சார்.”

“பெரியவங்களுக்குக்கூடவா பயம்?”

“ம். அவர் மட்டும் வேற சாமி கும்பிடப் போயிட்டார். அவங்க அம்மா போகலை. அம்மாகூட சண்டை போட்டுட்டு பேசாம இருந்தார். திடீர்னு ஒருநாள் அவங்க செத்துப்போயிட்டாங்க. அப்புறம் உக்காந்து இந்தப் படத்தை வரைஞ்சார்.”

அதை வரைந்த சாயங்காலம் சாராளுக்கு அப்படியே நினைவிருந்தது. வழக்கம்போல மடியில் உட்காரவைத்தார். ஆனால் பயமா இருக்கா என்று அன்றைக்கு அவர் கேட்கவே இல்லை. அவள்தான், “அப்பா, இது ஆத்தூர் ஆயா,” என்றாள். அவர் சட்டென்று உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பென்சில் கரி அவர் கையெல்லாம் ஒட்டியிருந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது மை போட்டு முடித்திருந்தார்.

“அவர் அழுதாரா?” என்றது குழந்தை, அவள் மனசுக்குள் எட்டிப் பார்த்ததுபோல.

“அழுதார்.”

ஸ்ம்ருதி அப்பாவை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “உங்க ஆயா உங்களுக்கு என்ன செஞ்சு குடுப்பாங்க?”

“நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். பொரி உருண்டை குடுத்தாங்க.”

“நல்லா இருந்துச்சா?”

“சாப்பிடலை. கோவில்ல படைச்சதுன்னு அப்பா வாங்கி பஸ் ஜன்னல் வழியா போட்டுட்டார்.”

“பாவம்,” என்றது குழந்தை. யாரைச் சொன்னது என்று தெரியவில்லை. பிறகு தன் பாட்டி செய்யும் தேங்காய் பர்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்னத் தனக்குத்தான் கொடுப்பாள் என்றது. சமையலறை வாசலில் நின்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பர்பிக் கதை முடிகிற வரைக்கும் சாராள் உட்கார்ந்திருந்தாள்.

படிவரைக்கும் ஜெயகிருஷ்ணன் கூட வந்தார்.

“இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிடறேன். கேஸ் வேண்டாம். ஆனா அந்த ஆள் இந்தத் தெரு பக்கம் வரக்கூடாது.”

“சொல்லிடறேன் சார்.”

“நீங்க வந்தது பெரிய விஷயம். இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்க அப்பாவை நான் மன்னிச்சிடணும்னு எதிர்பார்க்காதீங்க மேடம்.”

“எதிர்பார்க்கலை,” என்றாள் சாராள். அவளாலேயே அவரை மன்னிக்க முடிந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாளே தனக்கோடிக்குச் சாவி கிடைத்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவோடு நின்றார். “வூட்டுல வுட்டுர்றேன்க்கா, ஏறு.” மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் ஏறிக்கொண்டாள்.

“அந்தக் கொழந்தை பயந்துக்கிச்சாமே, மெய்யாலுமாக்கா?”

“ஆமா. தூக்கமே இல்லாம இருந்துச்சு.”

 ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது தனக்கோடி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

“எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராதுக்கா. படம் பாக்கறதுதான். மொத மொத ஐயா பொஸ்தகம் என் கைல கெடச்சப்போ நான் கடை வாசல்ல வுயுந்து கெடந்தேன். குடிகாரன் ஒருத்தன், அவன் பொண்ணு டிபன் பாக்ஸ் வச்சிகினு காத்துகினே நிக்கும் பாரு, அந்தக் கதை. அதுல நிக்குறது எம் பொண்ணேதான்க்கா. அன்னிக்கு வுட்டேன். இன்னிவரைக்கும் தொட்ல.”

“அது வேற கைப்பிரதி. கோவில் வாசல்ல குடுத்தது வேற.”

“இன்னா வேற? இதுவும் ஐயா வரஞ்சதுதான? கெழவி ஒண்ணு நெருப்புல கீது. சரி, அதுவும் குடிச்சிருக்கும்னு நெனச்சேன்.”

சாராளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாவாடை கட்டின நாளிலிருந்து அந்தப் படத்துக்காகச் சபையில் வாதம், தெருவில் சண்டை, வீட்டில் மௌனம். ஆத்தூர் ஆயா குடிகாரியாம். கண்ணில் தண்ணீர் வர வர ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனக்கோடி புரியாமல் தானும் இளித்தார்.

வீட்டு வாசலில் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டு எடுத்து அவளிடம் நீட்டினார். மிச்சமிருந்த ‘மூடின கதவு’ பிரதிகள். “இது வாணாம்க்கா. கொழந்தைங்க பயப்படுறது எனக்கு வாணாம். எம் பொண்ணுக்கு ஒரு பொண்ணு கீது. ஆனா அந்தக் குடிகாரன் கதை உங்கிட்ட இருந்தா குடு. டாஸ்மாக் வாசல்ல குட்துகினு போறேன். வாங்குறவன் வாங்கட்டும்.”

அப்பாவின் அறையைத் திறந்து, தேடி, ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். பின்பக்கத்து விலாசத்தின்மேல் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். “அங்க உங்க போன் நம்பரைப் போட்டுக்கங்க.”

“ஐயோ, யார்னா போன் பண்ணா நான் இன்னாக்கா பேசுவேன்?”

“எங்கிட்ட இப்ப சொன்னதைச் சொல்லுங்க.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகையில் ஷெர்வின் வழியை மறித்தான். முகம் மலர்ந்திருந்தது. யாரிடமிருந்தோ பழைய பிரதி ஒன்று வாங்கி, நெருப்பு அசைகிற மாதிரி செய்து, பின்னணி இசை சேர்த்துப் போட்டுவிட்டானாம். போனை நீட்டினான். ஆயாவின் முகம் ஆரஞ்சு நிறத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

“எடுத்துடு ஷெர்வின்.”

“ஆன்ட்டி, எத்தனை பேர் பார்த்துட்டாங்க தெரியுமா?”

“அது எங்க ஆயா. எங்க குடும்பத்துக்காரங்க. எடுத்துடு.”

அவன் போனைத் திருப்பி அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தான். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவதாகச் சொன்னான். எடுத்தான். ஆனால் அதற்குள் யார் யாரோ இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்: பாருங்கள் என்று ஒரு பக்கம், பாருங்கள் இவர்களை என்று இன்னொரு பக்கம். சாராள் சபை வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சோறு தின்றுவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தவள், படுக்காமல் அப்பாவின் அறைக்குப் போனாள். ‘மூடின கதவு’ அசல் படங்கள் தடித்த அட்டையில் மங்காமல் இருந்தன. கடைசியைப் பார்க்காமல் முதல் படத்தை எடுத்தாள். ஓட்டு வீட்டு வாசலில் ஆயா ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். யாரோ வருவதைப் பார்த்துச் சிரிக்கிற முகம். பல் வரிசையில் ஒரு இடைவெளி, காதில் தண்டட்டி, இடுப்பில் சுருக்குப்பை. ஒவ்வொரு சுருக்கத்தையும் அப்பா அத்தனை பொறுமையாகப் போட்டிருந்தார். ஆயாவுக்குப் போட்டோ என்று ஒன்று எடுத்ததே இல்லை. அவள் முகம் உலகத்தில் இருப்பது இந்தப் பதினாறு பக்கத்தில்தான்.

கத்தரிக்கோலால் அந்த முதல் படத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். மற்றதைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். அட்டை கெட்டி, கை வலித்தது. கிழிக்கையில் அப்பா ஞாபகம் வந்தது, நின்றாள், பிறகு மீதியையும் கிழித்தாள்.

பெங்களூரிலிருந்து பிளஸ்ஸி வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டாள். மேஜைமேல் கிடந்ததைப் பார்த்துவிட்டாள்.

“யாரும்மா அது? அழகா இருக்காங்க.”

“தாத்தாவோட அம்மா.”

“பேரென்ன?”

“காமாட்சி.”

“அவங்களைப் பத்தி நீ சொன்னதே இல்லையே.”

சாராள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் அசதி. திங்கட்கிழமைக்குத் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு அப்படியே இருந்தது. போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, தெரிந்த கொஞ்சத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.